பாய்மரப் படகில் ஒரு பகல்: வேமவுத் முதல் டார்ட்மவுத் வரை ஒரு கணக்குப் பாடம்

முன்னுரை

"இந்தக் கணக்கெல்லாம் எதுக்குடா உதவப் போகுது?" என்று கேட்காத மாணவர் நம்மில் யார்? வெக்டர் முக்கோணம், திருப்புத்திறன், பாய்மங்களின் தொடர்ச்சிச் சமன்பாடு, சைன், காஸ் எல்லாம் தேர்வு முடிந்ததும் மறந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறோம். இவை அத்தனையும் ஒரே நாளில், ஒரே படகில், உயிர் காக்கும் வேலையைச் செய்யும் ஓர் இடம் இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

இங்கிலாந்தின் தென்கரையில் டார்செட் மாவட்டத்தில் இருக்கிறது வேமவுத் துறைமுகம். 2012 லண்டன் ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் போட்டிகள் இங்கேயும் பக்கத்து போர்ட்லண்டிலும்தான் நடந்தன. அங்கிருந்து மேற்கே, டெவன் மாவட்டத்தில் உள்ள டார்ட்மவுத் துறைமுகம் கடல் வழியாக சுமார் 51 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்தை ஒரு 'நாட்' என்பார்கள். பத்து மீட்டர் நீளமுள்ள சாதாரண பாய்ப்படகு ஒன்று சராசரியாக 5.5 நாட் போகும் என்று வைத்துக்கொண்டால், பயணம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். நாலைந்து பேர் சேர்ந்து விடியலில் கிளம்பி மாலைக்குள் போய்ச் சேரும் நீண்ட பகல் பயணம்.

கேட்க சுலபமாக இருக்கிறது அல்லவா? இடையில் ஒரு 'கதவு' இருக்கிறது, நண்பர்களே. அது நம் இஷ்டத்துக்குத் திறக்காது!

படகு எப்படி ஓடுகிறது?

காற்று பின்னாலிருந்து தள்ளினால்தான் பாய்ப்படகு போகும் என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மைதான். பாய் என்பது நிறுத்தி வைத்த விமான இறக்கை மாதிரி. வளைந்த பாயின் இரு பக்கமும் காற்று ஓடும்போது அழுத்த வேறுபாடு உண்டாகி, பக்கவாட்டில் ஒரு விசை பிறக்கிறது. படகின் அடியில் ஆழமாகத் தொங்கும் 'கீல்' என்ற கனத்த தகடு, படகு பக்கவாட்டில் நழுவுவதைத் தடுக்கிறது. மிஞ்சுவது முன்னோக்கிய விசை. இதனால் காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 45 டிகிரி வரை நெருங்கிப் படகு போக முடியும். அதற்கு மேல் நெருங்கினால் பாய் படபடவென்று அடித்துக்கொண்டு சும்மா நின்றுவிடும்.

இந்தக் கீலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதில் இரும்போ ஈயமோ இருக்கும். பல படகுகளில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதுதான். காற்று படகைச் சாய்க்க ஒரு திருப்புத்திறன். கீல் நிமிர்த்த எதிர்த் திருப்புத்திறன். நம் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையின் தத்துவமே தான்.

காற்றின் விசை, வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உயரும். 10 நாட் காற்று 20 ஆனால் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு! அதனால்தான் காற்று ஏறும் முன்பே பாயின் பரப்பைச் சுருக்கிக் கட்டுகிறார்கள். பாயைச் சுருக்கலாமா என்ற யோசனை வந்த உடனே சுருக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு கஷ்டம் என்பது படகோட்டிகள் அனுபவத்தில் கண்ட பாடம்.

எவ்வளவு பெரிய பாய் கட்டினாலும் வேகத்துக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. படகு ஓடும்போது அதுவே ஒரு அலையை எழுப்பி, அந்த அலையின் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது. நீர்க்கோட்டின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43 ஆல் பெருக்கினால் அந்த உச்ச வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 9 மீட்டர் நீர்க்கோடு என்றால் 2.43 × 3 = சுமார் 7.3 நாட். அவ்வளவு தான். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அமாவாசையும் அஷ்டமியும்

சென்னைக் கடற்கரையில் கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். அதனால் நமக்கு இதன் பலம் அவ்வளவாகத் தெரிவதில்லை. டார்ட்மவுத்தில் பெரிய ஏற்ற நாட்களில் இது நாலு மீட்டரைத் தொடும். ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஏற்றம், ஆறு மணி நேரம் இறக்கம்.

ஆறு மணி நேரமும் நீர் ஒரே சீராக ஏறாது. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் 1 பங்கு, பிறகு 2, 3, 3, 2, கடைசி மணியில் 1 பங்கு என்று ஏறும். இதைப் 'பன்னிரண்டில் பங்கு விதி' என்பார்கள். நாலு மீட்டர் ஏற்றத்தில் நடு இரண்டு மணிகளில் மட்டும் இரண்டு மீட்டர் ஏறிவிடுகிறது. இது தோராய விதிதான். வேமவுத் பக்கமே இது செல்லாது. அங்கே இறக்கம் இரண்டு தடவை வரும்! அந்த ஊர்க்காரர்கள் அதை 'கல்டர்' என்கிறார்கள்.

நீர் ஏறி இறங்க வேண்டுமானால் பக்கவாட்டில் ஓடி வரத்தானே வேண்டும்? அதுதான் ஓத நீரோட்டம். ஆங்கிலக் கால்வாயில் அது கிழக்கே சில மணி நேரம், மேற்கே சில மணி நேரம் என்று மாறி மாறி ஓடுகிறது. அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாட்களில் மிக வேகமாகவும், அஷ்டமியை ஒட்டிய நாட்களில் மெதுவாகவும் இருக்கும்.

போர்ட்லண்ட் முனை

வேமவுத்துக்குத் தெற்கே கடலுக்குள் ஆப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது போர்ட்லண்ட். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய வெள்ளைச் சுண்ணாம்புக் கல் இங்கே வெட்டியது என்பது சிவில் மாணவர்களுக்குக் கூடுதல் செய்தி. அதன் தென்கோடியில் 1906இல் கட்டிய, சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதற்கும் தெற்கே, தண்ணீருக்கு அடியில் ஒரு பாறைத்தட்டு நீள்கிறது.

இங்கேதான் நம்ம பாய்மவியல் பாடம் வருகிறது. பரப்பு × வேகம் = மாறிலி. ஆழமான கடலில் நிதானமாக வரும் நீர், முனையைச் சுற்றி நெருக்கப்பட்டு, ஆழம் குறைந்த பாறைத்தட்டின் மேல் ஏறும்போது குறுக்குப் பரப்பு குறைகிறது, வேகம் எகிறுகிறது. பெரிய ஏற்ற நாட்களில் இந்த ஓட்டம் 7 நாட்டையும் தொடும். போதாக்குறைக்கு முனையின் இரு பக்கமும் பெரிய சுழல்கள். இதனால் நாளின் பெரும்பகுதி நேரம், கிழக்குக் கரை ஓரமாகவும் மேற்குக் கரை ஓரமாகவும் நீர் தெற்கு நோக்கியே ஓடி, முனைக்கு வெளியே பிரதான ஓட்டத்தோடு முட்டுகிறது. அங்கே கடல் கொதிக்கும் உலைபோல் புரள்கிறது. இதற்குப் பெயர் 'போர்ட்லண்ட் ரேஸ்'. இது பந்தயம் அல்ல, நீர்க் கொந்தளிப்பு! ஓட்டத்துக்கு எதிர்த் திசையில் காற்றும் அடித்தால் அலைகள் நெருங்கி, செங்குத்தாகி, உடைந்து விழும்.

இப்போது அந்த 7.3 நாட்டை எடுங்கள். நம் படகு நல்ல காற்றில் 5 நாட் போகிறது. எதிரே 7 நாட் ஓட்டம். 5 − 7 = −2. பாய் முழுக்க விரிந்திருக்கும், முன்பக்கம் நுரை பறக்கும், படகு ஜோராகப் போவது போலத் தெரியும். கரையைப் பார்த்தால்தான் தெரியும், மணிக்கு இரண்டு மைல் வேகத்தில் பின்னால் போய்க்கொண்டிருக்கிறோம் என்று!

சரி, என்ன வழி? இரண்டு உண்டு. ஒன்று, முனைக்கு மூன்று முதல் ஐந்து மைல் தெற்கே விலகி, ரேஸைத் தொடாமல் சுற்றிப் போவது. இன்னொன்று, கரைக்கும் ரேஸுக்கும் நடுவே சுமார் 200 முதல் 500 மீட்டர் அகலத்தில் இருக்கும் அமைதியான நீர்ப்பாதை. இது குறுக்கு வழி. ஆனால் பகலில், காற்று மிதமாக உள்ளபோது, ஓட்டம் அடங்கும் அந்தச் சில மணி நேரத்தில் மட்டுமே போக முடியும். அதுதான் நான் சொன்ன 'கதவு'. மேலும், முனைக்குக் குறைந்தது இரண்டு மைல் வடக்கிலேயே கரையை ஒட்டிவிட வேண்டும். தாமதமாக ஒட்டலாம் என்று நினைத்தால், தெற்கே ஓடும் நீர் நேராக ரேஸுக்குள் கொண்டுபோய்த் தள்ளிவிடும்.

1805 பிப்ரவரி 5

முனைக்குக் கிழக்கே சில மைலில் 'ஷாம்பிள்ஸ்' என்ற மேடு நீருக்கடியில் கிடக்கிறது. 1805 பிப்ரவரி 5 அன்று 'ஏர்ல் ஆஃப் அபர்கவென்னி' என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல், வங்காளத்துக்கும் சீனாவுக்கும் புறப்பட்ட வழியில் இதில் மோதியது. வழிகாட்டி மாலுமி கப்பலில்தான் இருந்தார். ஆனால் காற்று தணிந்தது. காற்று இல்லாத பாய்க்கப்பலுக்குச் சுக்கான் இருந்தும் பயனில்லை. நீரோட்டம் அதை மேட்டின் மேல் கொண்டுபோய் ஏற்றிவிட்டது. மேட்டிலிருந்து எப்படியோ விடுபட்டும், அன்றிரவே வேமவுத் கரைக்குப் பக்கத்தில் மூழ்கியது. கப்பலில் இருந்த சுமார் 400 பேரில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தலைவர் ஜான் வேர்ட்ஸ்வொர்த்தும் அவர்களில் ஒருவர். கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் தம்பி.

கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். காற்று எப்போது நிற்கும் என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் நீர் எப்போது எந்தப் பக்கம் ஓடும் என்பதைச் சந்திரனை வைத்து முன்கூட்டியே கணித்து அச்சடித்துவிடலாம். தெரிந்ததை முதலில் கணக்கில் வைத்துக்கொண்டு, தெரியாததற்கு இடம் விட்டு வைப்பதே பயணத் திட்டம்.

முந்தின ராத்திரி வேலை

ஆகவே பயணம் தொடங்குவது படகில் அல்ல, முந்தின இரவு மேசையில். கிளம்பும் நேரத்தை வைத்துக் கதவுக்குப் போவதில்லை. கதவு திறக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள்.

மாதிரிக் கணக்கு: ஜூன் மாதம். போர்ட்லண்ட் முனையைக் கடக்க உகந்த நேரம் காலை 7.00 முதல் 9.00 வரை என்று ஓதப் பட்டியலிலிருந்து வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வேமவுத்திலிருந்து முனைக்கு சுமார் 8 கடல் மைல். படகு வேகம் 5 நாட். நேரம் = 8 ÷ 5 = 1.6 மணி, அதாவது 1 மணி 36 நிமிடம்.

விடை: 5.30க்குக் கிளம்பினால் 7.06க்கு முனை. காற்று குறைந்து 4 நாட் ஆனாலும் 7.30க்கு முனை, கவலை இல்லை. இன்னும் கொஞ்சம் தூங்கலாமே என்று 7.30க்குக் கிளம்பினால்? 9.06. "ஆறு நிமிஷம்தானே சார்" என்று நீரோட்டத்திடம் சொல்ல முடியாது. ஓட்டம் வலுத்து, ரேஸ் புரளத் தொடங்கியிருக்கும். அதிகம் முந்திவிட்டால் வடக்கே கரையோரம் வேகத்தைக் குறைத்துக் காத்திருக்கலாம். பிந்திவிட்டால் காத்திருக்க வேண்டியது அடுத்த கதவுக்கு, அதாவது பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல்.

இதில் ஒரு பொறி உண்டு. பிரிட்டிஷ் ஓதப் பட்டியல்கள் பொதுவாக கிரீன்விச் நேரத்தில் அச்சாகின்றன. கோடையில் ஊர்க் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அந்த ஒன்றைக் கூட்ட மறந்தால் எல்லாக் கணக்கும் சரியாக இருந்தும் விடை தப்பு! தேர்வில் அலகு போட மறந்து மார்க் இழக்கிறோமே, அதே கதை. இங்கே போவது மார்க் அல்ல.

அடுத்து வானிலை. பிரிட்டனின் கடல் வானிலை அறிக்கையில் கடற்பகுதிகளுக்குப் பெயர் உண்டு. 'போர்ட்லண்ட்' அதில் ஒன்று. 1859இல் 'ராயல் சார்ட்டர்' கப்பல் புயலில் அழிந்ததற்குப் பிறகு, ராபர்ட் ஃபிட்ஸ்ராய் 1861இல் தொடங்கிய புயல் எச்சரிக்கைதான் இந்த ஏற்பாட்டின் வித்து. 2002இல் ஒரு கடற்பகுதிக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

2002 ஜூலை 1 முதல், கடல் உயிர்ப் பாதுகாப்பு பற்றிய சர்வதேச ஒப்பந்தத்தின் ஐந்தாம் அத்தியாயத்தின்படி, கடலுக்குள் போகும் உல்லாசப் படகுக்கும் பயணத் திட்டம் கட்டாயம். பிரிட்டனில் பார்க்கச் சொல்வது இவை: வானிலை, ஓதம், படகின் தாங்கும் திறன், ஆட்களின் அனுபவமும் உடல்நிலையும், வழியிலுள்ள ஆபத்துகள், மாற்றுத் திட்டம், கரையில் ஒருவருக்குத் தகவல்.

இதில் மாற்றுத் திட்டம்தான் உயிர்நாடி. முனை தாண்டும் முன் மனம் மாறினால் போர்ட்லண்ட் துறைமுகமும் வேமவுத்தும் பின்னாலேயே இருக்கின்றன. தாண்டிவிட்டால்? வடபுறம் 29 கிலோமீட்டர் நீளத்துக்கு செசில் கூழாங்கல் கரை. தென்மேற்குக் காற்றில் அது படகைத் தன் மேல் இழுத்துப் போடும் கரை. நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி இந்த விரிகுடாவுக்கு 'மடிந்தோர் விரிகுடா' என்ற பொருளில் பெயர் வைத்தார். அதற்கப்பால் உள்ள வெஸ்ட் பே, லைம் ரீஜிஸ் சிறு துறைமுகங்கள் கடற்காற்று பலமாக அடிக்கும்போது நுழைய ஆபத்தானவை. மேற்குக் காற்றில் நல்ல அடைக்கலம் டோர் பே விரிகுடாவிலுள்ள பிரிக்ஸம்தான். அது சுமார் 40 மைல் தள்ளி. திரும்பி வரலாம் என்றாலோ, நம்மை மேற்கே கொண்டுவந்த அதே நீர் பல மணி நேரம் எதிர்த்து ஓடும். கதவு நமக்குப் பின்னால் சாத்திக்கொள்கிறது! ஆகவே "போகலாமா, வேண்டாமா" என்ற முடிவை முனைக்கு முன்பே எடுத்தாக வேண்டும்.

லைம் விரிகுடா

முனை தாண்டியதும் டார்ட்மவுத் 43 கடல் மைல். திசை ஏறக்குறைய மேற்கு-தென்மேற்கு, 256 டிகிரி. காற்று வடமேற்கில் இருந்தால் ஒரே மூச்சில் நேர்கோட்டில் போகலாம். 43 ÷ 5.5 = 7 மணி 49 நிமிடம்; மாலை 3 மணிக்கு முன் ஊர்.

காற்று நேர் எதிரே இருந்தால், 45 டிகிரி இந்தப் பக்கம், 45 டிகிரி அந்தப் பக்கம் என்று வளைந்து வளைந்து ஏற வேண்டும். அப்போது தூரம் 43ஐ காஸ் 45ஆல் வகுத்தால் வருவது, சுமார் 61 மைல். 11 மணி நேரம் ஆகிவிடும்; பக்கவாட்டு நழுவலையும் சேர்த்தால் இன்னும் அதிகம். மாலை 6 மணிக்கு மேல்தான் சேரலாம். ஜூனில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது தாண்டும் என்பதால் வெளிச்சத்திலேயே போய்விடலாம். அதிகாலைப் புறப்பாட்டின் லாபம் இப்போது புரிகிறதா?

இன்னொரு வேடிக்கை. 15 நாட் காற்றுக்கு எதிராக 45 டிகிரியில் 5 நாட் வேகத்தில் போனால், வெக்டர் கூட்டலின்படி படகில் உணரும் காற்று சுமார் 19 நாட். அதே காற்றைப் பின்னால் வாங்கிப் போனால் 15 − 5 = 10 தான். சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரலாம் போல் சுகமாக இருக்கும். திரும்ப நேரும்போதுதான் குட்டு வெளிப்படும்! உணரும் காற்று இரண்டு மடங்கு, பாயின் விசை நாலு மடங்கு.

குறுக்கு நீரோட்டத்துக்கும் இதே முக்கோணம்தான். 5 நாட் போகும் படகுக்கு 1.5 நாட் ஓட்டம் செங்குத்தாக வந்தால், சைன் மதிப்பு 0.3, சுமார் 17.5 டிகிரி ஓட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். தரைமேல் வேகம் 4.8 நாட் ஆகக் குறையும்.

கலங்கரை விளக்கத்தின் ஒளி கடல் மட்டத்திலிருந்து 43 மீட்டர் உயரம். பூமி உருண்டை என்பதால் சுமார் 16 மைல் போனதும் அது தொடுவானத்துக்குக் கீழே இறங்கிவிடும். வெயில் மூட்டமான நாளில் நடு விரிகுடாவில் எந்தக் கரையும் தெரியாது. இன்று செயற்கைக்கோள் கருவி எல்லாப் படகிலும் உண்டு. ஆனாலும் மணிக்கு ஒரு தடவை இடம், திசை, ஓடிய தூரம் மூன்றையும் நோட்டில் எழுதுவது வழக்கம். மின்சாரம் போனால் கடைசியாக எழுதிய வரியிலிருந்து தொடரலாமே! திசைகாட்டிக்கும் இங்கே ஓர் அதிர்ஷ்டம்: 2022 நவம்பரில், போர்ட்லண்டுக்குக் கிழக்கேயுள்ள லாங்டன் மேட்ராவர்ஸ் என்ற கிராமத்தின் கரையில் உண்மை வடக்கும் காந்த வடக்கும் ஒரே கோட்டில் வந்தன. ஆகவே இன்று இந்தப் பகுதியில் காந்த விலக்கம் ஏறத்தாழ பூஜ்யம். அதற்காக திசைகாட்டி பக்கத்தில் கைபேசியையோ ஒலிபெருக்கியையோ வைத்தால், அதன் காந்தம் தனியே ஏமாற்றும்.

நீண்ட பகலில் மனிதர்கள் களைப்பதும் கணக்கில் சேர்த்தி. சுக்கானில் ஒருவர் தொடர்ந்து உட்காராமல் முறை மாற்றிக்கொள்கிறார்கள். பசி, குளிர், குமட்டல் மூன்றும் சேர்ந்தால் கூட்டல்கூட தப்பாகும். சுடுநீர்க் குடுவையும் ரொட்டியும் காலையிலேயே தயார். மேல்தளத்துக்கு வருகிறவர் மிதவை அங்கி போட்டு, அலை எழுந்தால் கயிற்றைப் படகோடு மாட்டிக்கொள்வார்.

டார்ட்மவுத் வாசல்

டார்ட் ஆற்றின் முகத்துவாரம் உயர்ந்த குன்றுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். கடலிலிருந்து பார்த்தால் வாசல் இருப்பதே தெரியாது. இதற்காகவே கிழக்குக் குன்றின் மேல் 1864இல் 24 மீட்டர் உயரத்துக்கு, விளக்கு இல்லாத ஓர் எண்கோணக் கல் கோபுரம் கட்டினார்கள். பகலில் மட்டும் பயன்படும் அடையாளம்! மியூஸ்டோன் பாறைக்கு இடம் விட்டு உள்ளே திரும்பினால் இருபுறமும் பழைய கோட்டைகள். எதிரிக் கப்பல்களைத் தடுக்க ஒரு காலத்தில் இங்கே குறுக்கே சங்கிலி கட்டியிருந்தார்கள். குன்றுகளுக்குள் காற்று திசை மாறி மாறி அடிக்கும் என்பதால் வாசலிலேயே என்ஜினைத் தயாராக வைக்கிறார்கள். போய்ச் சேர்ந்ததும் கரையிலிருப்பவருக்கு "வந்துவிட்டோம்" என்று தகவல். அதோடுதான் பயணம் முடிகிறது.

நமக்கு என்ன பாடம்?

இந்தப் பயணத்தில் தைரியத்துக்கு வேலை கொஞ்சம். கணக்குக்கு வேலை நிறைய. முதலாவது, எந்த வேலையிலும் நம்மால் மாற்ற முடியாத ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கித் திட்டம் போட வேண்டும். கான்கிரீட் இறுகும் நேரமும், பாய்லர் ஆறும் நேரமும் ஓதம் மாதிரிதான். நம் அவசரம் அவற்றுக்குத் தெரியாது. இரண்டாவது, எந்த இடத்துக்கு மேல் திரும்ப முடியாது என்பதை முன்பே குறித்து வைத்து, முடிவை அதற்கு முன் எடுக்க வேண்டும். மூன்றாவது, "இன்று வேண்டாம்" என்று திரும்பி வருவது தோல்வி அல்ல. கட்டின படகை அவிழ்க்காமல், தேநீர் குடித்துவிட்டு நாளைய பட்டியலைப் புரட்டும் தலைவரே நல்ல தலைவர்.

நாளை நாமெல்லாம் சைட்டிலும் ஷாப்பிலும் நிற்கப் போகிறோம். மேலே இருந்து "சீக்கிரம் முடி" என்பார்கள், கீழே இருப்பவர் நம்மை நம்பி ஏறுவார். அன்று அலகு சரிபார்த்து, விடையை எழுதிக்காட்டி, தேவையானால் "முடியாது" என்று சொல்லும் துணிவு நமக்கு வரட்டும். வெக்டர் முக்கோணத்தை அதுவரை மறக்காதிருப்போம்!